ஐந்தாம் நாள் வந்த காற்று எச்சரிக்கை

கோம்பைக்கு மேற்கே, மலையடிவாரத்தில் இரண்டு ஏக்கர் நேந்திரன் வாழை வைத்திருந்தார் ஜக்கம்மா. ஒன்பது வருடமாக அதே நிலம். எட்டாம் வகுப்பு வரை படித்தவர். மரத்தில் கசியும் பிசினைப் பார்த்தே உள்ளே வண்டு குடைவதைச் சொல்லிவிடுவார். அரசாங்கப் பதிவில் மட்டும் அவர் விவசாயி கிடையாது.

நிலம் ராஜபாண்டியின் பட்டா. மதுரையில் வங்கி வேலை பார்க்கும் அவர், வெறும் வாய்ச்சொல்லில் குத்தகைக்கு விட்டிருந்தார். காற்று, மழை, நோய் பற்றி வேளாண் துறை அனுப்பும் பயிர்ச் செய்தியெல்லாம் அவர் போனுக்குத்தான் போகும். குத்தகைக்காரர் தன் எண்ணைப் பதிய வேண்டுமானால் நிலத்துக்காரர் கையெழுத்து வேண்டும்.

தை மாதம் ஜக்கம்மா அதற்கான படிவத்தை பிளாஸ்டிக் உறையில் போட்டு எடுத்துப்போய் அவரிடம் நீட்டினார்.

“ஒரே ஒரு கையெழுத்துதான் வேணும்னு ஆபீஸ்ல சொன்னாக, தம்பி. செய்தி என் போனுக்கே வந்துரும்.”

ராஜபாண்டி சிரித்தார். “இன்னைக்கி மெசேஜ் கேப்பீக. நாளைக்கி நிலத்தையே கேப்பீக. எதுக்குக்கா வம்பு? வந்தா நானே அனுப்புறேன்.”

அனுப்பத்தான் செய்தார். பூப்படத்தோடு காலை வணக்கமும் பிரதோஷ நேரமும் தவறாமல் வந்தன.

பக்கத்துத் தோட்டத்து முனீஸ்வரிக்குச் சொந்தப் பட்டா உண்டு. ஆனால் அவர் பதிந்திருந்தது தக்காளி. தினமும் காலையில் அவர் போனை வாங்கி ஜக்கம்மா படிப்பார். “ஏக்கா, ஒன் வாழையில காய்ப்புழு விழுந்துருச்சா?” என்று முனீஸ்வரி கேலி செய்வார். வானிலைச் செய்தியாவது அதில் வருமே என்றுதான் ஜக்கம்மா பேச்சு வாங்கிக்கொண்டார்.

சித்திரைக் கடைசியில் முனீஸ்வரி தன் மகளின் பிரசவத்துக்காகப் பெரியகுளம் போனார். போனும் கூடவே போனது. அந்த வியாழக்கிழமை பிற்பகல் காற்று மலையிலிருந்து இறங்கியது. அரை மணி நேரம்தான். ஆயிரத்து எண்ணூறு மரத்தில் நானூறுகூட மிஞ்சவில்லை. இன்னும் பத்து நாளில் வெட்ட இருந்த தார்கள் சேற்றில் முகம் குப்புறக் கிடந்தன.

ஐந்தாம் நாள் ராஜபாண்டி காரில் வந்தார். உள்ளே இறங்காமல் வரப்பிலேயே நின்றார்.

“சாமி குத்தம்க்கா. ஒரு கிடா வெட்டிருவோம். மரத்தை எல்லாம் ஒதுக்கிட்டுப் புதுக் கன்னு வையிங்க.”

“காத்து வருதுன்னு செய்தி ஏதும் வந்துச்சா, தம்பி?”

போனை எடுத்துத் தள்ளிக்கொண்டே போனவரின் கட்டைவிரல் ஓரிடத்தில் நின்றது. “செவ்வாக்கெழம வந்திருக்கு போல. கல்யாண போட்டோவா வந்து குமிஞ்சதுல கவனிக்கல.”

“அப்பறம் சாமி மேல என்னத்துக்குப் பழி? ரெண்டு நாளைக்கி முந்தியே ஒங்க போனுல வந்து சொல்லிருச்சே!”

காற்று எங்கே பிறக்கிறது, எந்தப் பள்ளத்தாக்கில் இறங்கும் என்று வானத்திலிருந்து பார்த்துச் சொல்லும் அறிவை மனிதர்கள் பாடுபட்டுச் சேர்த்தார்கள். அந்த அறிவு இருபத்திரண்டாயிரம் மைல் உயரத்துச் செயற்கைக்கோளிலிருந்து நொடியில் இறங்கி வந்துவிடும். ஒரு குத்தகைக்காரியின் கைக்கு வர மட்டும் உடையவரின் கையெழுத்துக்குக் காத்து நிற்கிறது. காற்று என்ன பட்டா பார்த்தா வீசுகிறது?

“சரிக்கா, இனிமே மறக்க மாட்டேன். இந்தா, இப்பவே அனுப்பிட்டேன்” என்றார் ராஜபாண்டி.

ஜக்கம்மாவின் இடுப்பில் இருந்த போன் சிணுங்கியது. விழுந்த மரங்களுக்கு நடுவே நின்று, சத்தமாகவே படித்தார். “வியாழக்கிழமை மலையடிவாரக் கிராமங்களில் சூறைக்காற்று வீசக்கூடும். முற்றிய தார்களை உடனே வெட்டவும். மற்ற மரங்களுக்கு முட்டுக் கொடுக்கவும்.”

படித்து முடித்ததும் சாக்குப் பையிலிருந்து அந்த உறையை எடுத்தார். நாலு மாதப் பழைய படிவம்.

“போடுங்க தம்பி. போட்டாத்தான் கன்னு குழியில எறங்கும்.”

“இந்த நெலத்துக்கு வேற ஆளா கெடைக்காது?” ராஜபாண்டியின் குரல் மாறிவிட்டது.

“கெடைப்பாக. அவுகளுக்கும் இதே போன்லதான வரும்?”

கார் போய்விட்டது. படிவம் வெறுமையாகவே இருந்தது. ஜக்கம்மா மண்வெட்டியைக் கழுவி வீட்டுக்கு எடுத்துப் போனார்.

இப்போது அவர் முனீஸ்வரியின் தோட்டத்தில் தினக்கூலிக்குத் தக்காளி பறிக்கிறார். காலையில் போனில் செய்தி வந்ததும் முதலில் வாங்கிப் படிப்பது அவர்தான். வேலியைத் தாண்டி, அந்த இரண்டு ஏக்கரில் வாழை அழுகிக்கொண்டிருக்கிறது.