இரண்டாம் முறை கூப்பிடும்போது

செய்தி வந்தபோது நான் ரத்தக் குழாய்களில் எண் ஒட்டிக்கொண்டிருந்தேன். மைமூன் அக்காவின் தம்பி, பழனியில் மளிகைக்கடை வைத்திருப்பவர், போனில் பேசினார். "அக்கா மவுத்தாயிருச்சு. அஸர் தொழுகைக்கு அப்புறம் அடக்கம். வெரசா கெளம்பி வாங்க." சரி என்று வைத்துவிட்டு மிச்சக் குழாய்களுக்கும் ஒட்டி முடித்தேன். கை அதுபாட்டுக்கு வேலை செய்தது. கொடைக்கானலிலிருந்து பஸ் இறங்கத் தொடங்கிய பிறகுதான், பக்கத்து சீட்டில் அக்கா இல்லை என்பது உறைத்தது.

அக்காவோடு வேலை பார்த்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். மருத்துவமனையில் அவர் பால்வினை நோய் ஆலோசகர், கடைசிவரை ஒப்பந்த ஊழியர். நான் ரத்தம் எடுப்பவன். மாதம் ஒருமுறை இருவரும் அடிவாரத்துக் கிளைச் சிறைக்குப் போவோம். ஜீப் எங்களுக்கு வாய்த்ததே இல்லை. ஐஸ் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு நானும், எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டு அவரும் பஸ்ஸில் போவோம். கொண்டை ஊசி வளைவு அக்காவுக்கு ஆகாது. ஒருநாளும் ஆகவில்லை, ஒருநாளும் வராமலும் இருந்ததில்லை.

கைதிகளுக்கு ரத்தம் எடுப்பது லேசான வேலை. வரிசையாக வருவார்கள், கையை நீட்டுவார்கள். முடிவைச் சொல்வதுதான் பாடு. அக்கா அதற்கு ஒரு முறை வைத்திருந்தார். முடிவு வந்ததும் எல்லாரையும் மறுபடி கூப்பிட வேண்டும், நோய் இருக்கிறவனையும் இல்லாதவனையும். ஒவ்வொருவருக்கும் கைக்கடிகாரத்தைப் பார்த்து ஒரே அளவு நேரம். ஒன்றுமில்லாதவனிடம் வீட்டைப் பற்றி, சாப்பாட்டைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருப்பார். எனக்கு எரிச்சல் எரிச்சலாக வரும். மலையேறும் கடைசி பஸ் போய்விடுமே என்று வாசலில் நின்று இருமுவேன். திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்.

சிறைக்கு வெளியே அவருக்கு இன்னொரு சட்டம். பழனி பஸ் நிலையத்தில் ஆயக்குடிக் கொய்யா விற்றுக்கொண்டிருந்த ஒருவனை எனக்கு அடையாளம் தெரிந்தது. போன மாதம்தான் ஜாமீனில் வந்தவன். நல்லாருக்கியா என்று கேட்க வாயெடுத்தேன். அக்கா என் காலை நறுக்கென்று மிதித்தார். முன்பின் பார்த்திராத ஆளிடம் பேசுவது போல அவனிடம் பேரம் பேசிப் பழம் வாங்கினார். பஸ் ஏறிய பிறகு சொன்னார்: "தெருவுல நாம அவுகளுக்கு யாரோ. அவுகளாப் பேசுனாப் பேசு. இல்லையா, மூஞ்சிய வேற பக்கம் வச்சுக்க."

இப்போது என் தப்பைச் சொல்ல வேண்டும். அக்கா காய்ச்சலில் படுத்திருந்த ஒரு மாதம், முடிவுகளோடு நான் மட்டும் போனேன். அலுப்பு, குளிர், கடைசி பஸ் போய்விடுமோ என்ற பயம். மூன்று பேருக்குத்தான் சிபிலிஸ். அந்த மூன்று பேரை மட்டும் கூப்பிட்டால் சோலி முடிந்தது என்று வார்டரிடம் பெயர்களைக் கொடுத்தேன். அவர் முற்றத்தில் நின்று உரக்கக் கூப்பிட்டார். எல்லாரையும் கூப்பிடும் இடத்தில் மூன்று பேரைக் கூப்பிட்டால் என்ன அர்த்தம் என்று உள்ளே இருந்த அத்தனை பேருக்கும் தெரியும்.

மூவரில் ஒருவர் கொடைக்கானலுக்கும் மேலே, மேல்மலையில் பூண்டு போடுகிறவர், வரப்புச் சண்டையில் உள்ளே வந்தவர். அன்றிலிருந்து அவர் தொட்ட டம்ளரை யாரும் தொடவில்லை. மேகநோய் பிடித்தவன் என்று, மேகக்காரன் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். எனக்கு ஒரு நோயும் இல்லை என்று ஊசியை மறுத்துவிட்டார், ஜாமீன் கிடைத்ததும் ஊருக்குப் போய்விட்டார். வீட்டில் மனைவி ஐந்து மாதக் கர்ப்பம் என்று முதல் தடவையே அக்காவிடம் சொல்லியிருந்தார்.

அக்கா என்னைத் திட்டவில்லை. "அங்க உள்ளவனுக்குச் சொந்தமா ஒரு பூட்டுப் பொட்டி கூடக் கெடையாது தம்பி. இது ஒண்ணுதான் அவன்கிட்ட இருந்துச்சு. அதையும் முத்தத்துல கொட்டிட்டு வந்துட்டீங்க." எப்போதும் என்னை நீ என்பவர். அந்த 'நீங்க' இன்றைக்கும் சுடுகிறது.

மறுவாரமே காய்ச்சல் விட்டும் விடாமலும் என்னை இழுத்துக்கொண்டு மேல்மலைக்குப் போனார். பழனியில் தன் தம்பி கடைக்குப் பூண்டு எடுக்க வந்ததாகப் பேச்சு. அந்தப் பூண்டுக்காரர் வீட்டுப் பரணடியில் பூண்டு தரம் பிரித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் செத்துவிட்டது. "மறுபடி கூப்பிட்டு நிறுத்த வந்தீங்களாக்கும்?" என்றார். அக்கா எனக்குப் பரிந்து பேசவில்லை. என்னைப் பார்த்தார், அவ்வளவுதான். தப்பு என்னுடையது, உங்களுடையது இல்லை, மன்னிச்சிருங்க என்று சொன்னேன். என் வேலையில் அதற்கு முன் யாரிடமும் அப்படிச் சொன்னதில்லை. அதன் பிறகே அக்கா வாயைத் திறந்தார்.

"ஊசி ஒங்களுக்கு மட்டும் இல்ல. வயித்துல உள்ளதுக்கும் சேத்துத்தான். இப்ப விட்டா, பொறந்த பெறகு காது போகலாம், கண்ணு போகலாம். சிலதுக்கு ஏழெட்டு வயசுலதான் தெரியும்."

சந்தை நாளில் மனைவியோடு கொடைக்கானலுக்கு வந்தார். மூவரும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். புருஷன் வாயாலேயே சொல்ல வைத்தார் அக்கா. அந்தப் பெண் அழுத சத்தம் மட்டும் எனக்குக் கேட்டது. வாரம் ஒன்றாக மூன்று வாரம் ஊசி போட வேண்டும். இரண்டு வாரம் வந்தார்கள். மூன்றாவது வாரம் வரவில்லை. மனைவி கன்னிவாடிப் பக்கம் தாய்வீட்டுக்குப் போய்விட்டதாகத் தெரிந்தது. போன் போகவில்லை. வாங்கி வந்த பூண்டை அக்கா ஊறுகாய் போட்டு ஆஸ்பத்திரி முழுக்கக் கொடுத்தார், தீரவே இல்லை. அதற்குப் பிறகு எத்தனையோ பஸ் பயணத்தில், எலுமிச்சம்பழத்தை மூக்கிலிருந்து எடுத்துவிட்டு, "அந்தப் பிள்ள என்னாச்சோ தம்பி" என்பார். எனக்கு என்ன தெரியும்? தெரியாமலேதான் போய்ச் சேர்ந்தார்.

அடக்கம் முடிந்து மையவாடியிலிருந்து வெளியே வந்தேன். எதிர்ப்புறம் வேலி ஓரமாக அந்தப் பூண்டுக்காரர் நின்றார். தலை நரைத்திருந்தது. செய்தி எப்படித் தெரிந்ததோ. கூட வந்த பெண்பிள்ளைக்கு எட்டு வயது இருக்கும், நாலடி தள்ளி முதுகைக் காட்டிக்கொண்டு ரோட்டில் போகும் பஸ்களைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவர் என்னைப் பார்த்தார். அடையாளம் தெரிந்துவிட்டது என்பது எனக்குத் தெரிந்தது. அந்தப் பிள்ளைதானா இது என்று கேட்க வாயெடுத்தேன். மூஞ்சியை வேறு பக்கம் வைத்துக்கொண்டேன். அவரும் பேசவில்லை. பிள்ளையின் முதுகுக்குப் பின்னாலிருந்து, எனக்கே அரைகுறையாகக் கேட்ட குரலில், "பாப்பா, போவமா" என்றார். அந்தப் பிள்ளை சட்டென்று திரும்பியது.

அவருடைய ஊரையும் விளைச்சலையும் மாற்றித்தான் எழுதியிருக்கிறேன். அக்கா இருந்தால் இவ்வளவு எழுதியதற்கே திட்டுவார். மாதாமாதம் சிறைக்குப் போகிறேன், எல்லாரையும் இரண்டாம் முறை கூப்பிடுகிறேன், பஸ்ஸைத் தவறவிடுகிறேன். தெருவில் யாரையும் தெரியாதவனாக நடக்கிறேன். அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியது அவ்வளவுதான். போன வாரம் பஸ்ஸில் பக்கத்து சீட் காலியாக இருந்தது. அந்தப் பக்கம் பார்த்து மெதுவாகச் சொல்லிவிட்டேன்.

"அக்கா, பிள்ளைக்குக் காது நல்லாக் கேக்குது."