சகாயராஜின் சுவர்க்கோழிகள்

தூத்துக்குடிப் பக்கமிருந்து வந்து, வேலம்பாளையத்து லைன் வீட்டில் தனியே குடியிருந்த பனியன் கம்பெனி ஓவர்லாக் டெய்லர் சகாயராஜுக்கு ஒரே துணை ஒரு வெளிநாட்டுப் பல்லிதான். பெயர் ராசாத்தி. உயிரோடு துள்ளுகிற பூச்சியைத் தவிர எதையும் தொடமாட்டாள். அவளுக்காகவே பிளாஸ்டிக் டப்பாவில் முட்டை அட்டை அடுக்கிச் சுவர்க்கோழிப் பூச்சி வளர்த்தான். அவை போட்ட கூச்சலில் அவிநாசித் தேரே மிரண்டுபோய் நிலையை விட்டு நகர மறுத்ததாகப் பேச்சு.

"ஏனுங்க தம்பி, கண்ணாலம் பண்ணுங்கன்னா பூச்சிப் பண்ணை வெச்சிருக்கறீங்க. இது ஊடா, காடா?" என்பார் வீட்டுக்காரம்மா சின்னாத்தாள்.

தண்ணீர் வைத்தால் பூச்சிகள் விழுந்து சாகும் என்று ஈரமான வெள்ளை பனியன் வேஸ்ட் துணியைத்தான் டப்பாவில் வைப்பான். ஒருநாள் வெள்ளை கிடைக்கவில்லை. சாயப்பட்டறையிலிருந்து அப்போதுதான் வந்த சிவப்புத் துணியின் வெட்டுத் துண்டை நனைத்து வைத்தான். அந்த ஈரத்தை உறிஞ்சிய பூச்சிகளில் நாலைந்தை ராசாத்திக்கும் போட்டான்.

மறுநாள் காலை டப்பா ஊமையாகக் கிடந்தது. பூச்சிகள் அத்தனையும் மல்லாந்திருந்தன. கண்ணாடிப் பெட்டியில் ராசாத்தியும் விறைத்திருந்தாள். தன் விரல் நுனியில் ஒட்டியிருந்த சாயச் சிவப்பையே பார்த்தபடி சகாயராஜ் உட்கார்ந்துவிட்டான்.

சின்னாத்தாள் கதவைத் தட்டினார். அவர் கையில் மூடிப் பிடித்த டம்ளர்; உள்ளே ஒரு கரப்பான்பூச்சி பரபரத்தது.

"சத்தமே காணோமுங்க. பூச்சியெல்லாம் செத்துப்போச்சாட்ட இருக்குதுன்னு ஒண்ணு புடிச்சாந்தேன். உங்க ராசாத்தி இதைத் தின்னுமாங்க, கண்ணு?"

சகாயராஜ் பெட்டியை உடம்பால் மறைத்துக்கொண்டான்.

"திங்கும்மா, குடுங்க" என்று டம்ளரை வாங்கிக்கொண்டான்.