அப்பாவின் கட்டிலைச் சுற்றி ஐந்து ஸ்பீக்கர்கள்

என் அண்ணன் அப்பாவுக்காகச் செய்த ஒரே பெரிய காரியத்தை நான் இன்னும் மன்னிக்கவில்லை. இதைச் சொன்னால் கேட்பவர்களுக்கு என் மேல்தான் சந்தேகம் வரும். படுக்கையில் கிடக்கும் தகப்பனுக்கு எழுபத்தைந்து இன்ச் டிவியும், ஹாலைச் சுற்றி ஸ்பீக்கரும் வாங்கி மாட்டிக் கொடுத்த மகனை யார் குறை சொல்வார்கள்? பாலக்காட்டுப் பக்கம் எங்கள் ஊரான நல்லேப்பிள்ளியில் யாரும் சொல்லவில்லை. நான் வேலை செய்யும் பால் சொசைட்டியில்கூட, "உங்கண்ணன் மாதிரி யாருக்குங்க வாய்க்கும்" என்றுதான் சொன்னார்கள். நான் சாம்பிள் பாட்டில்களைக் கழுவிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தேன்.

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. பேச்சு குழறிப் போனது. தண்ணி, வலி, போதும் என்று ஒற்றை ஒற்றைச் சொல்லாகத்தான் வரும். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. அதனால் அப்பா என் பொறுப்பு என்பதை யாரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்யவில்லை, தானாகவே அப்படி ஆகிவிட்டது. அண்ணன் கோயம்புத்தூரில் ஒரு பம்ப் கம்பெனியில் பெரிய வேலையில் இருக்கிறார். வேலந்தாவளம் வழியாகக் காரில் வந்தால் ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரத்தை அவர் வருசத்துக்கு இரண்டு மூன்று தடவை கடப்பார்.

அப்பாவின் கட்டிலை நான் ஹாலில், மேற்குப் பார்த்த ஜன்னலுக்கு எதிரே போட்டிருந்தேன். பாத்ரூம் பக்கம், காற்றும் வரும். படுத்தபடியே அவருக்கு வயலும், அதை ஒட்டிப் போகும் ரோடும் தெரியும். யார் வயலுக்குத் தண்ணீர் பாய்கிறது, யார் வண்டி போகிறது என்று பார்த்துக்கொண்டே கிடப்பார்.

ஒரு சனிக்கிழமை காலை அண்ணன் காரும், அதன் பின்னால் ஒரு டெம்போவும் வந்து நின்றன. டெம்போவிலிருந்து ஒரு கட்டில் அகலத்துக்கு அட்டைப்பெட்டி இறங்கியது. கூட இன்னும் நாலைந்து பெட்டிகள்.

"என்னங்ணா இது?"

"அப்பா பாவம், சும்மா மோட்டுவளையைப் பாத்துட்டுக் கெடக்கறாரு. ஃபோர் கே டிவி. சரவுண்ட் சவுண்டு. தியேட்டர்ல உக்காந்தாப்பல இருக்கும், பாரு."

"அவரு ஜன்னலைப் பாத்துட்டுத்தான் இருக்காருங்ணா."

அண்ணன் அதைக் கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. டேப்பை எடுத்துச் சுவரை அளக்க ஆரம்பித்துவிட்டார்.

டிவி மாட்டத் தோதான பெரிய சுவர் ஜன்னலுக்கு நேர் எதிர்ச்சுவர்தான். அதில் பிராக்கெட்டை வைத்து டிரில் போட்டார்கள். செங்கல் தூள் அப்பாவின் போர்வை மேல் வந்து விழுந்தது. நான் ஈரத்துணியால் துடைக்கத் துடைக்க மறுபடியும் விழுந்தது. அண்ணன், "கொஞ்சம் அக்கட்டால போ அம்மணி, வயரு போகோணும்" என்றார். டிவி ஏறியதும் கட்டிலைத் திருப்பினார்கள். இப்போது அப்பாவின் தலை ஜன்னல் பக்கம், முகம் டிவி பக்கம். சாயங்கால வெயில் ஜன்னல் வழியே நேராகத் திரையில் அடிக்கும் என்பதால், அண்ணன் கருநீல நிறத்தில் தடித்த திரைச்சீலை ஒன்றையும் வாங்கி வந்திருந்தார். அதைத் தொங்கவிட்டதும் பட்டப்பகலில் ஹால் இருட்டானது.

டிவிக்கு இரண்டு பக்கமும் இரண்டு ஸ்பீக்கர், கீழே நடுவில் ஒன்று. தரையில் பெட்டி மாதிரி ஒரு ஊஃபர். அப்பாவின் தலைமாட்டில் இரண்டு பக்கமும் ஸ்டாண்டு போட்டு இரண்டு ஸ்பீக்கர். அந்தக் கடைசி இரண்டுக்கும் டிவிக்கு அடியில் இருந்த ரிசீவரிலிருந்து வயர் போக வேண்டும். தரையோடு தரையாக, சமையலறை வாசலுக்குக் குறுக்கே இழுத்து, மேலே செலோ டேப் ஒட்டினார்.

"இது நான் நடக்கற வழிங்ணா."

"பாத்து நட. இன்னொரு தடவ வரும்போது கேசிங் போட்டு மேல ஏத்திரலாம்."

அதன் பிறகு நடந்ததை நினைத்தால் எனக்கு இன்றும் ரத்தம் கொதிக்கும். சத்தம் சரியாகச் சேர்கிறதா என்று அந்த ரிசீவரே அளந்துகொள்ளுமாம். அதற்கு ஒரு சின்ன மைக் உண்டு. படம் பார்க்கிறவரின் தலை இருக்கும் இடத்தில் மைக்கை வைக்க வேண்டும். ஆகவே அப்பாவைத் தூக்கி வீல் சேரில் உட்கார வைத்துவிட்டு, அவருடைய தலையணை மேல் மைக்கை வைத்தார்கள். ஒவ்வொரு ஸ்பீக்கரிலிருந்தும் உஸ்ஸென்று ஒரு இரைச்சல் வந்தது. அது முடியும்வரை வீட்டில் யாரும் பேசக் கூடாது, ஃபேன் ஓடக் கூடாது. புழுக்கம் தாங்காமல் அப்பா வியர்த்துப் போனார். பாதியில் இருமினார். அண்ணன் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். அப்பா மறுபடி இருமினார்.

"அப்பா, கொஞ்சம் அடக்கிக்குங்கப்பா. இதா முடிஞ்சுரும்."

அப்பா இடது கையால் வாயைப் பொத்திக்கொண்டார். தும்மலைக்கூட அடக்கத் தெரியாத மனிதர் அவர். மகன் சொன்னதற்காகக் கண்ணில் நீர் முட்ட இருமலை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் போய் ஃபேனைப் போட்டேன். அண்ணன் என்னை முறைத்தார். மூன்றாவது தடவையும் ஆரம்பிக்க வேண்டியதாயிற்று.

அண்ணன் போன பிறகு அப்பா இதை வெறுத்துவிடுவார் என்று நம்பிக்கொண்டிருந்தேன். அதில் நான் தோற்றேன். அப்பாவுக்கு அது பிடித்துவிட்டது. கடலுக்கடியில் எடுத்த படங்களை அண்ணன் போட்டுக் காட்டியிருந்தார். வாழ்நாள் முழுக்க நெல்லும் மாடும் பார்த்த மனிதர், மீன் கூட்டம் திரும்பும்போது ஒவ்வொரு செதிலும் மின்னுவதை வாய் திறந்து பார்த்தார். காலையில் நான் முகம் துடைத்து, டயப்பர் மாற்றி, ராகிக் கஞ்சி ஊட்டி முடிப்பதற்குள் இடது கை ரிமோட்டைத் தேடும். ஊஃபர் உறுமினால் இரும்புக் கட்டில் அதிரும். கட்டில் கம்பியில் மாட்டியிருக்கும் மூத்திரப் பை கிடுகிடுவென்று ஆடும். படுக்கையில் கிடப்பவர்களை வீடு தேடி வந்து கவனிக்கும் பஞ்சாயத்து பாலியேட்டிவ் சிஸ்டர், மாதம் இரண்டு தடவை மூத்திர டியூப் மாற்ற வரும்போது நிற்க இடமில்லாமல் ஸ்பீக்கர் ஸ்டாண்டை நகர்த்தினால், "ஏய்" என்று அப்பா குழறுவார். பார்க்க வருகிறவர்களிடம் இடது கையால் டிவியைக் காட்டி, "மகன்" என்பார். என்னைக் காட்டி அவர் எதுவும் சொன்னதில்லை.

வாரத்தில் ஒரு நாளாவது அது மக்கர் செய்யும். நெட் போகும், இல்லையென்றால் படம் வரும், சத்தம் வராது. அண்ணனை வீடியோ காலில் கூப்பிட்டால், "ரிசீவர்ல இன்புட் மாத்து, அது இல்ல, அந்தக் கறுப்பு ரிமோட்டு" என்று கத்துவார். அப்பாவுக்கு மூத்திரம் சரியாகப் போகிறதா என்று கேட்டதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அப்பாவின் உடம்பைத் துடைக்கச் சுடுதண்ணீர்ப் பாத்திரத்தோடு சமையலறையிலிருந்து வந்தேன். டேப் பெயர்ந்து வயர் வளைந்து நின்றிருந்ததைப் பார்க்கவில்லை. கால் மாட்டியது. பாத்திரம் கவிழ்ந்து தண்ணீர் என் வலது பாதத்தில் கொட்டியது. நான் தரையில் உட்கார்ந்து காலைப் பிடித்துக்கொண்டு அலறினேன். அப்பா தலையைத் திருப்பிப் பார்த்தார். பிறகு திரையைப் பார்த்தார். அதில் ஒரு ஆமை நீந்திப் போய்க்கொண்டிருந்தது.

நான் நொண்டி நொண்டிப் போய், அவருக்குப் பஞ்சும் பிளாஸ்திரியும் வெட்டும் கத்திரியை எடுத்து வந்து இரண்டு வயர்களையும் அறுத்தேன். ஆத்திரத்தில் ஒரே இடத்தில் அறுக்காமல் பல இடத்தில் அறுத்தேன்.

"பின்னால... சத்தம்... வரல" என்றார் அப்பா.

பக்கவாதம் வந்த பிறகு அவர் மூன்று சொல் சேர்த்துச் சொன்னது அன்றுதான். நான் காலில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தபோது, கட்டிலில் கிடந்த என் போனில் அவரே அண்ணன் படத்தை அழுத்திக் கூப்பிட்டார். "வயரு" என்றார். "அறுத்துட்டா" என்றார்.

மத்தியானச் சோற்றுக்கு முன்னால் அண்ணன் வந்துவிட்டார். கையில் புது வயர்ச் சுருள். நான் காலில் மருந்து தடவி வாசற்படியிலேயே உட்கார்ந்திருந்தேன்.

"எதுக்கு அறுத்தே?"

"தடுக்கி உளுந்தேன். சுடுதண்ணி கால்ல கொட்டிருச்சு."

"அதுக்கு? ஒரு போன் பண்ணியிருந்தா வந்து மேல ஏத்திக் கட்டியிருக்க மாட்டனா?"

"மழைக்காலத்துல அப்பாவுக்குச் சளி கட்டி மூச்சு வாங்குனப்ப போன் பண்ணினேன். மீட்டிங்குன்னீங்க. மூணாம் நாள் வந்தீங்க. வயரு அறுந்தா மட்டும் வழி சுருக்கா இருக்குதுங்களா?"

அவர் முகம் கறுத்தது. "உனக்குப் பொறாமை. நான் ஒண்ணு செஞ்சா அப்பா சந்தோசப்படறாரு, அது உனக்குப் பொறுக்கல."

அதில் கொஞ்சம் உண்மை இருந்தது. அதனால் இன்னும் கோபம் வந்தது.

"ஆமாங்ணா, பொறுக்கல. நீங்க மாட்டுங்க. மாட்டிட்டு இங்கயே இருங்க. நான் கெளம்பறேன், ரெண்டு நாள் கழிச்சுத்தான் வருவேன்."

"அப்பாவை யாரு பாக்கறது?"

"அதான் அஞ்சு ஸ்பீக்கர் வாங்கி வெச்சிருக்கீங்களே."

மாற்றுத்துணியை எடுத்துக்கொண்டு, எப்போது புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், பையை எப்படிக் காலி செய்ய வேண்டும், கஞ்சியை எவ்வளவு தண்ணியாகக் காய்ச்ச வேண்டும் என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். பாலக்காட்டில் என்னோடு படித்தவள் ஒருத்தி இருக்கிறாள். அவள் வீட்டில் போய்ப் படுத்தேன். அண்ணன் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். முதல் தடவை, "பையில மூத்திரம் செவப்பாத் தெரியுது" என்றார். பாலியேட்டிவ் சிஸ்டரைக் கூப்பிடச் சொன்னேன். அவர் வந்து பார்த்து, பயப்பட ஒன்றுமில்லை என்று சொன்னதையும் தெரிந்துகொண்டேன். அதற்குப் பிறகு போனை எடுக்கவில்லை.

திரும்பி வந்தபோது வயர் வெள்ளைக் கேசிங்குக்குள், வாசல் நிலைக்கு மேலாக, அளவெடுத்த மாதிரி நேராக ஓடியிருந்தது. வேலை சுத்தம். நங்கையும் கோயம்புத்தூரிலிருந்து வந்து சமையலறையில் நின்றிருந்தார். அண்ணன் மனைவியை எங்கள் பக்கம் நங்கை என்போம். முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டிருந்தார். நான் அப்பாவைப் புரட்டினேன். சரியாகப் புரட்டிவிடாததால் இடுப்பில் உள்ளங்கை அளவுக்குச் சிவந்திருந்தது. போர்வை ஈரம். நெட் போயிருந்ததால் டிவி நீலமாக எரிந்துகொண்டு சத்தமில்லாமல் இருந்தது.

அண்ணன் சவரம் செய்யாத முகத்தோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன்.

"அம்மணி, இது நம்மால ஆவாது. ஒரு ஹோம்ல சேத்தரலாம். கோயம்புத்தூர்ல நல்ல எடமா நான் விசாரிக்கறேன்" என்றார்.

"நம்மாலயா?" என்றேன். "ரெண்டு நாள்ல 'நம்மால'ன்னு ஆயிருச்சுங்களா?"

"உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

அப்பா பக்கத்திலேயே கட்டிலில் கிடப்பது அண்ணனுக்கு நினைவில்லை. சத்தமில்லாத ஹாலில் எல்லாம் அப்பா காதில் விழுந்தது. ரிசீவரிலேயே ரேடியோவும் உண்டு, அதற்கு நெட் வேண்டாம் போலிருக்கிறது. அப்பா இடது கையால் ரிமோட்டை எடுத்து எதையோ அழுத்தினார். ஏதோ ஒரு எஃப்.எம்.மில் விளம்பரம் ஓடியது. சத்தத்தைக் கூட்டினார். இன்னும் கூட்டினார். ஐந்து பக்கமும் அலறியது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அண்ணன் ஏதோ சொன்னார், வாய் அசைந்தது மட்டும் தெரிந்தது. ரிமோட்டை வாங்கக் கையை நீட்டினார். அப்பா கொடுக்கவில்லை. அதை மார்போடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, மகனைப் பார்க்காமல் நீலத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நங்கை காதைப் பொத்திக்கொண்டு வெளியே போனார். கொஞ்ச நேரத்தில் அண்ணனும் போனார். கார் கிளம்பிய சத்தம்கூட எங்களுக்குக் கேட்கவில்லை.

பிறகு அப்பா சத்தத்தைக் குறைத்தார். நான் வெந்நீர் வைத்து அவர் உடம்பைத் துடைத்தேன், சிவந்த இடத்தில் மருந்து தடவினேன். அவர் அன்று என்னைப் பாராட்டினார், என் கையைப் பிடித்தார் என்றெல்லாம் சொல்ல ஆசைதான். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. கஞ்சியில் உப்பு போதவில்லை என்று முகத்தைச் சுளித்தார்.

ஹோம் பேச்சு அதோடு நின்றது. அண்ணன் சொந்தக்காரர்களிடம், நான்தான் அப்பாவை அனாதையாக விட்டுவிட்டு ஊர் சுற்றப் போனேன் என்று சொல்லியிருக்கிறார். போய் ஒவ்வொருவரிடமும் விளக்கம் கொடுக்க எனக்கு நேரமில்லை. அவர் இப்போது வாரம் ஒருமுறை வீடியோ காலில் வருகிறார். போனை அப்பா முன்னால் நிறுத்திவிட்டு நான் அப்பால் போய்விடுவேன். அப்பா அதை அரை நிமிடம் பார்ப்பார். பிறகு பார்வை அதற்கு மேலே, டிவிக்குப் போய்விடும். "அப்பா, கேக்குதா?" என்று அண்ணன் கேட்டுக்கொண்டே இருப்பார்.

வேலை முடிந்து வந்த களைப்பில் சில நாள் நானும் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து கடலைப் பார்ப்பதுண்டு. படம் துல்லியமாகத்தான் இருக்கிறது, தண்ணீர் காதுக்குப் பின்னால் ஓடுவது போலத்தான் கேட்கிறது. அதை அண்ணனிடம் நான் சொன்னதில்லை. சொல்லவும் மாட்டேன்.