அம்மா அனுப்பிய எண்கள்

எங்கள் ஆய்வகத்தில் எனக்குச் சந்தேகப் பேர்வழி என்று பெயர். யாராவது கொண்டுவரும் எண்கள் ரொம்ப ஒழுங்காக இருந்தால் நம்ப மாட்டேன். வருடாவருடம் அண்டார்டிகா பக்கம் கப்பலில் போய், அதே இடங்களில், அதே ஆழங்களில் கடல்நீர் எடுப்பது எங்கள் வேலை. குப்பியை அந்தத் தண்ணீராலேயே மூன்று முறை அலசி, நிரப்பி, உறையவைத்து, நியூ ஜெர்சிக்குக் கொண்டுவந்து நைட்ரேட், பாஸ்பேட் எல்லாம் அளப்போம். நிஜத் தண்ணீர் கொஞ்சமாவது ஏறி இறங்கும். ஏறி இறங்காவிட்டால் யாரோ உட்கார்ந்த இடத்திலேயே எழுதியிருக்கிறார்கள் என்று அர்த்தம். அப்படி எழுதியவர்களை நான் சும்மா விட்டதில்லை.

அம்மா சென்னையில் தனியாக இருந்தாள். தினமும் காலையில் சர்க்கரை பார்த்து எண்ணை வாட்ஸப்பில் அனுப்ப வேண்டும் என்பது என் உத்தரவு. ஒரு டிசம்பரில் எண் முந்நூறைத் தாண்டியது. பயந்துபோய், கிளம்ப இருந்த கப்பலை விட்டுவிட்டுச் சென்னைக்கு ஓடினேன். நான் போய்ச் சேர்வதற்குள் அம்மா தேறிவிட்டாள். என் இடத்தில் போக ஆளில்லாமல், அந்த வருடம் குப்பிகளே வரவில்லை.

"ஒரு வருஷம் அளக்காம விட்டா விட்டதுதாம்மா. போன வருஷத் தண்ணிய இந்த வருஷம் போய் எடுக்க முடியுமா?" என்று அவள் கட்டிலருகே நின்று எரிந்து விழுந்தேன்.

"என்னாலதானே," என்றாள் அம்மா. "இனிமே இப்படி ஆகாதுடி."

ஆகவில்லை. ஈஸ்ட் பிரன்ஸ்விக் வீட்டில் நான் டின்னர் பாத்திரங்களை அடுக்கும் நேரத்தில் அவளுடைய காலை எண் வந்துவிடும். 128. 130. 128. 129. மாதக்கணக்கில் அப்படித்தான். "பாத்தீங்களா, எங்கம்மா என்னமா கண்ட்ரோல் பண்றா!" என்று கணவரிடம் பெருமையாகக் காட்டினேன்.

அடுத்த வருடப் பயணம் வந்தது; ஜனவரியில் கப்பலில் இருந்தேன். அங்கே நெட் விட்டுவிட்டுத்தான் வரும். ஒரு நாள் குப்பிகளை நிரப்பிவிட்டு, விரல்கள் மரத்துப்போய் உள்ளே வந்தபோது செய்தி வந்திருந்தது. "128. சாப்ட்டேன். நீ நல்லபடியா தண்ணி எடு." ஒரு கையுறையை மட்டும் கழற்றி, கட்டைவிரல் படம் ஒன்றை அனுப்பிவிட்டு மறுபடி வேலைக்குப் போனேன்.

மறுபடி நெட் வந்தபோது, அம்மா போய்விட்டாள் என்று பெங்களூரிலிருந்து அண்ணன் எழுதியிருந்தான். கப்பல் எனக்காகத் திரும்புமா? நான் சென்னை போய்ச் சேர்ந்தபோது காரியங்கள் எல்லாம் முடிந்திருந்தன.

"பொண்ணு கப்பல்லேருந்து எறங்கட்டும், அப்புறம் டாக்டர்கிட்ட போறேன்னு சொல்லிட்டே இருந்தாங்கம்மா," என்றார் பக்கத்து வீட்டு ஆன்ட்டி.

எனக்குப் புரியவில்லை. உள்ளே போய் அம்மாவின் சர்க்கரை மெஷினை எடுத்து, பழைய அளவுகளைக் காட்டும் பொத்தானை அழுத்தினேன். 287. 312. 341. அவள் ஒரு நாளும் விடவில்லை. தினமும் ஒழுங்காக அளந்துவிட்டு, எனக்கு வேறு எண்ணை அனுப்பியிருக்கிறாள். கடைசியாக 128 என்று எழுதிய அந்தக் காலையில் மெஷின் காட்டியது 418. தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். யார் யாரையோ பிடித்த எனக்கு அம்மாவைப் பிடிக்கத் தெரியவில்லை.

அந்தப் பயணத்துக் குப்பிகளை இந்த மாதம்தான் அளந்து முடித்தேன். ஒன்றுகூட விட்டுப்போகவில்லை. அவள் ஆசைப்பட்டபடியே அந்த வருடம் முழுதாக இருக்கிறது.

போனைத் திறந்தால், அவளுடைய 128க்குக் கீழே என் கட்டைவிரல் இன்னும் நின்றுகொண்டிருக்கிறது.