முதல் டம்ளர்

அல் ஐன் பேருந்து நிலையத்தில் துபாய் வண்டிக்காக இரண்டு மணி நேரமாக நிற்கிறேன். கால் கடுக்கிறது, நாக்கு வறண்டுவிட்டது. சுவரோரம் ஒரு குளிர்நீர்த் தொட்டி இருக்கிறது. நெடுங்காலம் ஆண்டு மறைந்த மன்னரின் மக்கள் பணியை நினைத்து ஓர் அறக்கட்டளை வைத்தது. குடிப்பவர்கள் அவருக்காக இறைவனிடம் வேண்டச் சொல்லி மேலே எழுதியிருக்கிறது.

நெற்றித் திருநீறு வியர்வையில் கரைய, நீலச் சீருடைக்காரர் ஒருவர் அதில் ஃபில்டர் மாற்றி முடிக்கிறார். நான் கையை நீட்டுகிறேன்.

"கொஞ்சம் இருங்கண்ணே. முதல் டம்ளர் உங்களுக்கில்ல."

எனக்கு எரிச்சல் வருகிறது. அவர் டம்ளரை நிரப்பி, பேரீச்சை மரத்தடியில் தெற்கே பார்த்து ஊற்றுகிறார்.

"எங்கப்பாவுக்குண்ணே. போன மாசம் தவறிட்டாரு. கம்பெனில லீவு மாஃபி, கிடையாதுன்னுட்டாங்க. தம்பிதான் கொள்ளி வச்சான்."

"இது மன்னர் பேர்ல வச்ச தண்ணியாச்சே?"

"அவருக்குத்தான் நாள் பூரா எல்லாரும் வேண்டிக்கிறாங்களே. ஒரு டம்ளருக்குக் கோவிச்சுக்கவா போறாரு?"

அடுத்த டம்ளரை என்னிடம் தருகிறார். பல் கூசக் குடிக்கிறேன். அவர் பையைத் தோளில் மாட்டுகிறார். இன்னும் ஒன்பது தொட்டி பாக்கியாம்.

"எல்லாத்துலயும் ஊத்துவீங்களா?"

"ஆமாண்ணே. கடைசியா தண்ணி தண்ணின்னு கேட்டாராம்."