டாக்டர் கையும் ஸ்கேனும் என் பூட்டும்

மூட்டு டாக்டரிடம் வேலைக்குச் சேர்ந்தால், அடுத்தவர் விரலைப் பார்த்துப் பார்த்தே நம் விரலும் வீங்கின மாதிரி இருக்கும். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவள் நான். திண்டுக்கல்லில் ஒரு சின்ன கிளினிக்கில் காலையில் கதவைத் திறப்பது, டோக்கன் கொடுப்பது, ஸ்கேன் முடிந்தவர்களின் கையைத் துடைத்துவிடுவது என் வேலை. சார் விரல் விரலாக அமுக்கிப் பார்ப்பார். சந்தேகம் இருந்தால் பக்கத்து அறையில் ஸ்கேன் டாக்டரம்மா.

விடிந்ததும் விரல் மடங்காமல், யாருக்கும் தெரியாமல் சுடுதண்ணீரில் கையை முக்கி வைக்கிறவர்களே, இது உங்களுக்குத்தான். எனக்கும் ஒரு மாதமாக அப்படி இருந்தது. வெளியே தெரிந்தால் வேலை போய்விடும் என்று வாயைத் திறக்கவில்லை.

பஸ்ஸுக்கு முன்னால் மாத்திரை

எரியோட்டிலிருந்து பூப்பறிக்கும் அக்கா ஒருவர் வந்தார். சார் கணுக் கணுவாக அமுக்கினார். அக்கா முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை, வீக்கமும் தட்டுப்படவில்லை. ஆனால், விடிந்து ஒரு மணி நேரத்துக்கு மொட்டைக் கிள்ள வரவில்லை என்று அவர் சொன்னதால் ஸ்கேனுக்கு அனுப்பினார். திரையில் விரல் கணுவைச் சுற்றிச் சிவப்புப் புள்ளிகள். மூட்டுக்குள் அழற்சி இருந்தால் அங்கே ரத்தம் கூடுதலாக ஓடும், அதுதான் சிவப்பு என்று டாக்டரம்மா எனக்குச் சொல்லித் தந்திருக்கிறார்.

கையைத் துடைத்துவிடும்போது விசாரித்தேன். கிளம்பும் முன்னாலேயே வலி மாத்திரை போட்டிருக்கிறார். டாக்டரைப் பார்க்க வரும்போது யாராவது போடுவார்களா என்று கேட்டேன். "போடாம எப்பிடித்தா பஸ்ஸுல கம்பியப் புடிச்சு நின்னு வாரது?"

வழவழ மருந்து

தொப்பம்பட்டிப் பக்கத்துத் தென்னந்தோப்புக்காரர் ஒருவருக்கு நேர்மாறு. விரல் கணுவெல்லாம் புடைத்திருந்தன. பார்த்ததும் நானே வியாதி என்று முடிவு கட்டிவிட்டேன். ஸ்கேனில் சிவப்பே இல்லை. எலும்பு தேய்ந்து முண்டு கட்டியிருக்கிறது, அழற்சி இல்லை என்றார் டாக்டரம்மா.

தோப்புக்காரர் அதைக் காதில் வாங்கவே இல்லை. கருவி வழுக்கிப் போவதற்காகத் தடவிய பசையை முழங்கை வரை இழுத்துத் தேய்த்துக்கொண்டிருந்தார். நான் துண்டோடு போனதும் கையைப் பின்னால் மறைத்தார். "தொடச்சுராதீங்க அம்மிணி, இப்பத்தானுங்க சுகமா இருக்குது. ஒரு டப்பாவுல ஊத்திக் குடுத்தீங்கன்னா வூட்டுலயே தேச்சுக்குவனுங்க."

திரும்பாத சாவி

இதற்கிடையில் கிளினிக் பூட்டு என்னோடு மல்லுக்கு நின்றது. காலையில் சாவி திரும்பாது. எண்ணெய் விட்டேன், மண்ணெண்ணெய் விட்டேன், திட்டியும் பார்த்தேன். சாயங்காலம் பூட்டும்போது மட்டும் ஒழுங்காகத் திரும்பும்.

ஒருநாள் முழங்கால் வலிக்கு வரும் பூட்டுப் பட்டறைக்காரர் சீக்கிரமே வந்துவிட்டார். பூட்டு கெட்டுப்போச்சு என்று அவரிடம் புலம்பினேன். சாவியை வாங்கி ஒரே திருப்பு. பின்னால் வந்து நின்ற டாக்டரம்மா காதிலும் விழுகிற மாதிரி சொன்னார்: "இந்தா தாயி, ரெண்டு வெரல்ல தெறக்குது. பூட்ட எதுக்கு வையிற? உள்ள போயி கையக் காட்டு."

என் முறை

சார் எந்தக் கணுவை எப்போது அமுக்குவார் என்பது எனக்கு மனப்பாடம். முன்கூட்டியே மூச்சைப் பிடித்துக்கொண்டு காலண்டரைப் பார்த்தேன். வலிக்குதா என்றார். இல்ல சார் என்றேன். அவர் கைக்கும் வீக்கம் தட்டுப்படவில்லை. தப்பித்தேன் என்று எழுந்தால், டாக்டரம்மா இழுத்துப் போய்ப் பசை தடவிவிட்டார். இரண்டு விரலில் சிவப்புப் புள்ளி.

வேலையை விட்டு நிறுத்திருவீங்களா என்றுதான் முதலில் கேட்டேன். ஆரம்பத்திலேயே பிடித்தாயிற்று, மாத்திரையை ஒழுங்காகப் போட்டால் விரல் கோணாமல் காப்பாற்றலாம், வேலை எங்கும் போகாது என்றார் சார். அப்புறம், நான் அமுக்கினப்ப ஏன் சொல்லல என்று முறைத்தார். டாக்டரம்மா சிரித்துவிட்டார். "நீங்க இவங்க மூஞ்சியப் பாத்துக் கேட்டீங்க சார். மெஷின் மூஞ்சியப் பாக்காது."

மூன்று மாதமாக மாத்திரை போடுகிறேன், சாவியும் சுலபமாகத் திரும்புகிறது, ஆனாலும் அந்தப் பூட்டின் மேல் எனக்கு இன்னும் ஒரு சந்தேகம் இருக்கத்தான் செய்கிறது.