வெள்ளிக்கிழமைக் காடு

ஒளிந்திருப்பதில் நான் கெட்டிக்காரி. லண்டன் சட்டனில் ஒரு பல் வைத்தியரின் வரவேற்பு மேசையில் இருப்பவள், ஐம்பதைத் தாண்டியவள், முழங்கால் நோக்காரி இப்படிச் சொன்னால் யாரும் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். லண்டனின் தெற்கு ஓரத்தில் பஸ் திரும்பிப் போகிற இடத்துக்கு அப்பால் ஒரு பண்ணையும் அதையொட்டி ஒரு காடும் இருக்கின்றன. அந்தக் காட்டில் நான் ஒளியாத பற்றை கிடையாது.

எங்கள் வேட்டையில் எந்த உயிரும் சாவதில்லை. ஒருவர் முன்னால் நடந்து போய்க் காட்டுக்குள் எங்காவது ஒளிந்துகொள்ள வேண்டும். சற்று நேரம் கழித்து நாய்களை அவிழ்த்து விடுவார்கள். அவை அந்த ஒருவருடைய மணத்தை மட்டும் பிடித்துக்கொண்டு, தலையைக் குனிந்து, ஊளையிட்டபடி தேடி வரும். கண்டுபிடித்ததும் முகம் முழுக்க எச்சில். அவ்வளவுதான் விளையாட்டு. இதற்காகவே வளர்க்கப்படும் பெரிய மோப்ப நாய்கள் இவை. எங்கள் தெருவுக்குத் தபால் கொண்டுவந்து, பிறகு ஓய்வு பெற்ற ஒரு வெள்ளைக்காரரிடம் அப்படி இரண்டு இருந்தன. அவை போட்ட குட்டிகளில் யாரும் கேட்காமல் மிஞ்சிய ஒன்றை நான் வாங்கி வந்தேன். தோல் மடிந்து மடிந்து தொங்கும் அந்த முகத்தைப் பார்த்துவிட்டு என் கணவர், "உது நாயோ, ஆரும் எறிஞ்ச சோபாவோ?" என்று கேட்டார். சோபா வளர்ந்தது. வளர்ந்து, எங்கள் உண்மையான சோபாவையும் பிடித்துக்கொண்டது.

காடு பண்ணைக்காரிக்குச் சொந்தம். என்னைவிடப் பத்து வயதாவது மூத்த, அதிகம் பேசாத ஒரு மனிசி. நாய்களைக் கொண்டுவர எங்களுக்கு வாய்மொழியாக அனுமதி தந்திருந்தார். இன்னொருவருக்கும் ஒரு அனுமதி தந்திருக்கிறார் என்று ஒரு விடியற்காலைதான் தெரிய வந்தது.

அன்று நான் ஒரு பற்றைக்குள் சுகமாகக் குந்தியிருந்தேன். தூரத்தில் நாய்களின் சத்தம் நெருங்கிக்கொண்டிருந்தது. அப்போது ஒரு மரத்துப் பரணிலிருந்து ஏணியால் ஒரு மனிதர் இறங்கி வந்தார். தோளில் துப்பாக்கி, முகத்தில் கோபம். பச்சை உடுப்பும் தொப்பியுமாக இருந்ததால் எந்த நாட்டவர் என்று பிடிபடவில்லை. ஆங்கிலத்தில் ஏசத் தொடங்கினார். நாய் ஒருமுறை கத்திக்கொண்டு ஓடினால் மான்கள் ஒரு கிழமைக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்க்காதாம். நானும் விடவில்லை. துவக்கோடு மரத்தில் இருப்பவர் ஒரு அறிவிப்புப் பலகையாவது வைக்கக் கூடாதா என்று கேட்டேன். இருவருடைய ஆங்கிலமும் உடைந்துகொண்டிருந்த நேரம் அவருடைய கைபேசி அடித்தது.

"ஓம், சொல்லும்," என்றார் அதில், தமிழில். "இல்லை, ஒண்டும் கிடைக்கேல்லை. இஞ்சை ஒரு விசர் மனிசி நாயளை விட்டுக் குழப்பிப் போட்டுது."

அவர் பேசி முடிக்கும்வரை காத்திருந்தேன். "விசர் மனிசி எண்டது என்னையோ அண்ணை?"

மன்னிப்புக் கேட்பார் என்று நினைத்தேன். "வேறை ஆரைச் சொல்லுறது?" என்றார்.

பிறகு விசாரித்து அறிந்ததைச் சொல்கிறேன். ஜெர்மனியில் பல வருடம் இருந்துவிட்டு லண்டனுக்கு வந்தவர். டைல்ஸ் பதிக்கிற வேலை. வேட்டைக்கு ஜெர்மன்காரர் வைக்கிற சோதனை லேசில் பாஸ் பண்ண முடியாததாம். அதைப் பாஸ் பண்ணியவர். பண்ணைக்காரி புதிதாக நட்ட கன்றுகளை மான்கள் கடித்துத் தின்றுகொண்டிருந்தன. அவற்றைக் குறைத்துத் தர இவரை விட்டிருந்தார். குறையாவிட்டால் அனுமதி வேறொருவருக்குப் போய்விடும். எங்கள் நாய்கள் அவருடைய சோற்றில் மண் போடுகின்றன என்பது அவருடைய கட்சி. அவருடைய துவக்கு ஒரு நாள் என் மண்டையில் ஓட்டை போடும் என்பது என்னுடையது.

அடுத்த சில மாதங்கள் சண்டைக் காலம். அவர் தன் வான் வண்டியைக் காட்டு வாசலில் குறுக்கே நிறுத்தினார். தபால்காரர் அவருடைய பரணுக்குக் கீழே வேண்டுமென்றே நின்று விசில் ஊதினார். இதற்கிடையில் என் கணவர் வேறொரு கோயில் திருவிழாவில் அவரைச் சந்தித்துப் பழகி, ஒரு நாள் ஒரு பொதி மான் இறைச்சியோடு வீட்டுக்கு வந்தார். மிளகு தூக்கலாகப் போட்டுச் சமைத்துச் சாப்பிட்டுவிட்டு, "அந்த மனுசன் சொல்லுறதிலையும் நியாயம் இருக்கு," என்றார். அவர் கட்சி மாறிய விலை தெரிந்துவிட்டது. நானும் அந்தக் கறியில் இரண்டு துண்டு சாப்பிட்டேன் என்பதைச் சொல்லாமல் விட்டால் கதை நேர்மையாக இராது.

இழுபறி பண்ணைக்காரியின் காதுக்கு எட்டியது. எங்கள் மூவரையும் தன் குசினி மேசைக்குக் கூப்பிட்டார். தேத்தண்ணீர் ஊற்றித் தந்துவிட்டுச் சொன்னார்: கிழமையில் நாட்களைப் பங்கிட்டுக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் காட்டை இரண்டு பகுதியாருக்கும் பூட்டிவிடுவேன். அவர் சும்மா சொல்பவர் அல்ல.

எங்கள் நாய்க்கு அப்போது வயது போய்விட்டது. இந்த இனம் அதிக காலம் இருப்பதில்லை. இதயம் பலவீனமாகிவிட்டது, வரப்போகும் குளிர்காலத்தைத் தாண்டினால் அதுவே பெரிய காரியம் என்று மிருக வைத்தியர் சொல்லியிருந்தார். வீட்டில் அவன் படுத்தே கிடப்பான். சப்பாத்தை நான் கையில் எடுத்தால் மட்டும் எழும்பி வாசலுக்குப் போய் நிற்பான். காடு இல்லையென்றால் அவனுக்கு மிச்சம் இருப்பது தரைவிரிப்பு மட்டும்.

நாட்களைப் பேசத் தொடங்கினோம். ஞாயிறு இரு பகுதிக்கும் வேண்டும். சனியும் அப்படியே. பண்ணைக்காரி வேட்டைக்காரரைப் பார்த்து, சனி ஞாயிறை நாய்களுக்கு விட்டுவிட்டு வெள்ளிக்கிழமை வரலாமே என்று கேட்டார். அவர் நெளிந்தார். வெள்ளி சரிவராது என்றார். செவ்வாய்? அதுவும் சரிவராது. ஏன் என்று கேட்டதற்கு வேலை என்றார். முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது, பொய்.

எனக்கு விளங்கிவிட்டது. "வீட்டிலை மரக்கறியோ அண்ணை?" என்று தமிழில் கேட்டேன்.

"ஓம்," என்றார் தாழ்ந்த குரலில். "வெள்ளியும் செவ்வாயும். மச்சம் மாமிசம் வாசலைத் தாண்டேலாது. மானோடை போனால் அவ கதவே திறக்கமாட்டா."

"அப்ப அந்த ரெண்டு நாளும் எங்களுக்கு. சனி ஞாயிறோடை மிச்ச நாளெல்லாம் நீங்கள் எடுங்கோ."

தபால்காரர் ஓய்வு பெற்றவர், எனக்கு வெள்ளி விடுமுறை, செவ்வாய் பாதி நாள் வேலை. ஒரு நிமிடத்தில் முடிந்தது. சமய காரணத்துக்காக மான்களுக்குக் கிழமையில் இரண்டு நாள் லீவு என்று பண்ணைக்காரிக்கு விளக்கினேன். அவர் வியக்கவில்லை. தன் தாயும் வெள்ளிக்கிழமையில் இறைச்சி தொடமாட்டார், மீன்தான் சமைப்பார் என்றார்.

இலையுதிர்காலம் நிம்மதியாகக் கழிந்தது. வாசலில் காணும்போது வேட்டைக்காரரும் நானும் தலையசைத்துக்கொள்வோம். ஒரு நாள் அவராகவே சொன்னார்: "கந்தசஷ்டி வருது. வீட்டிலை அவ விரதம், நானும் பிடிக்கிறன். அந்த ஆறு நாளும் துவக்கைத் தொடமாட்டன். நாயளைக் கூட்டிக்கொண்டு வாங்கோ."

என்ன பெருந்தன்மை என்று நினைத்தேன். எந்தக் கோயில் சஷ்டி என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை, சொல்ல அவருக்கும் தோன்றவில்லை. லண்டனில் ஒரு கோயில் வாக்கிய பஞ்சாங்கம் பார்க்கும், அடுத்தது திருக்கணிதம் பார்க்கும், ஒரு நாள் முன்பின் வருவது புதினமே இல்லை. பிறந்ததிலிருந்து தெரிந்த விஷயம். தெரிந்துதான் என்ன?

எங்கள் கோயிலில் சஷ்டி தொடங்கியது ஒரு வியாழக்கிழமை. லீவு எடுத்துக்கொண்டு காட்டுக்குப் போனேன். மண்ணிறக் கோட்டோடு, பன்னச் செடிகளுக்கு நடுவே, விழுந்து கிடந்த ஒரு மரத்துக்குப் பின்னால் ஒளிந்தேன். நல்ல இடம் பிடித்தேன் என்று எனக்கே பெருமை. தூரத்தில் எங்கள் நாயின் கனத்த குரல் கேட்டது. அந்த நேரம் மரத்துக்கு மறுபக்கத்து வெளியில் நின்ற ஒரு பெண் மான் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு ஓடியது. அதைத் தொடர்ந்து மேலே எங்கோ இரும்பில் இரும்பு உரசும் சத்தம்.

நிமிர்ந்து பார்த்தேன். எதிரே, வெளிக்கு அந்தப் பக்கம், பரணில் அவர். துவக்கிலிருந்து குண்டைக் கழற்றிக்கொண்டிருந்தார். நான் எழும்பி நின்றதைக் கண்டதும் அவருடைய கை அப்படியே நின்றுவிட்டது.

இறங்கி வந்தவரின் முகத்தில் இரத்தம் இல்லை. "தங்கச்சி, நீங்கள் இஞ்சை என்ன செய்யிறியள்?"

"இண்டைக்குச் சஷ்டி அண்ணை."

"சஷ்டி நாளைக்கு."

"எங்கடை கோயிலிலை இண்டைக்கு."

"எங்கடையிலை நாளைக்கு."

"நீங்கள் எந்தப் பஞ்சாங்கம்?"

நின்ற நிலையிலேயே இரண்டு பேரும் பஞ்சாங்கம் பேசினோம். பயத்துக்கு வாய் என்னத்தைத்தான் பேசாது. பிறகு அவர் தரையிலேயே குந்திவிட்டார். குண்டு புதைய மானுக்குப் பின்னால் மண் இருக்கிறதா என்று பார்த்தே சுடுவாராம், அந்த மான் இன்னும் இரண்டடி தள்ளிப் போகட்டும் என்று காத்திருந்தாராம். "உங்களை நான் காணவே இல்லை," என்று திரும்பத் திரும்பச் சொன்னார். நானும் அவருக்குப் பக்கத்தில் இருந்துவிட்டேன். தபால்காரரும் நாய்களும் வந்து சேர்ந்தபோது இருவரும் அப்படித்தான் இருந்தோம்.

பண்ணைக்காரியும் வந்தார். அன்று சுடப்போவதாக வேட்டைக்காரர் அவருக்கு முதல் நாளே சொல்லியிருந்தார். நாய்ச் சத்தம் கேட்டதும் நான்கு சக்கர மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு நேரே வந்துவிட்டார். இன்று யாருடைய நாள் என்று கேட்டார். "என்னுடைய" என்று இரண்டு பேரும் சொன்னோம். இரண்டு பஞ்சாங்கங்களைப் பற்றி நான் சொன்ன விளக்கத்தைக் கடைசிவரை கேட்டார். கேட்டுவிட்டு, ஒரு ஆள் செத்துப் போவதற்குள் காட்டைப் பூட்டுகிறேன் என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. மறைக்கவில்லை. இந்த நாய்க்கு அடுத்த குளிர்காலம் இல்லை, இது மட்டும்தான் என்று சொன்னேன். வேட்டைக்காரர் ஆங்கிலத்தில், பூட்டுவதென்றால் எனக்குப் பூட்டுங்கள், அவர்களை விடுங்கள் என்றார். அவர் அப்படிச் சொல்வார் என்று நான் எதிர்பார்த்திருக்கவில்லை.

பண்ணைக்காரி கொஞ்ச நேரம் யோசித்தார். கன்றுகளைக் காக்க அவருக்கும் அந்த ஆள் வேண்டும். பிறகு வேட்டைக்காரரை நோக்கி விரலை நீட்டிச் சொன்னார்: நாய்கள் வரும் நாட்களில் இனிமேல் நீதான் ஒளிய வேண்டும். நீ தரையில் நடந்து காட்டுக்குள் போகாமல் நாய்கள் அவிழாது. நாய்கள் உன் பின்னால் வருகிறபோது நீ மரத்தில் துவக்கோடு இருக்க முடியாது. உங்கள் கடவுள் எந்த நாளில் யுத்தத்துக்குப் போகிறார் என்று எனக்குத் தெரியத் தேவையில்லை.

"நானோ?" என்று அவர் என்னைப் பார்த்துத் தமிழில் கேட்டார்.

"நீங்கள்தான் அண்ணை," என்றேன்.

மறுநாள் வெள்ளி, அவருடைய சஷ்டியின் முதல் நாள். முழுகி, திருநீறு பூசி, வெறுங்கையோடு வந்தார். தான் முகம் துடைக்கும் பழைய கைலேஞ்சி ஒன்றை நாய்க்கு மணக்கக் கொடுத்துவிட்டுக் காட்டுக்குள் போனார். தபால்காரர் தன் நாய்கள் இரண்டையும் கட்டி வைத்துவிட்டார். உங்கள் கிழவன் தனியாகத் தேடட்டும் என்றார். அவன் ஓடிக் களைத்துவிடாதிருக்கக் கட்டிய நீளக் கயிற்றின் மறுமுனை என் கைக்கு வந்தது.

எங்கள் நாய் மூக்கைத் தரையில் வைத்து நேரே போனான். வேட்டைக்காரர் தன் வித்தை முழுவதையும் காட்டியிருந்தார். ஓடைக்குள் இறங்கி நடந்திருக்கிறார், விழுந்த மரத்தின் மேலால் போயிருக்கிறார், வந்த வழியே திரும்பியும் வந்திருக்கிறார். ஓடைக்கரையில் நாய் திகைத்து நின்றான். மூச்சு வாங்கியது. இங்கே போனான், அங்கே போனான், திரும்பி வந்து என் கால்களை மணந்து பார்த்தான். நான்தான் ஒளிந்திருக்க வேண்டியவள், எப்படிக் கயிற்றின் இந்த முனையில் நிற்கிறேன் என்று குழம்பினானோ என்னவோ. தபால்காரர் வாய் திறக்கப் போனார். வேண்டாம் என்று கை காட்டினேன். நாய் தண்ணீருக்குள் இறங்கி, நடுங்கும் கால்களோடு அக்கரை ஏறி, ஓரமாகவே போய், ஓரிடத்தில் நின்றான். வால் உயர்ந்தது. தலையைத் தூக்கி அந்தக் கனத்த குரலை எடுத்தான். பிறகு என்னை இழுத்துக்கொண்டு போனான்.

ஒரு பள்ளத்தில் சருகைத் தன் மேல் இழுத்துப் போட்டுக்கொண்டு அவர் படுத்திருந்தார். நாய் அப்படியே அவர் மேல் ஏறி, நெற்றித் திருநீற்றையும் சேர்த்து நக்கினான். விரத நாளில் முழுகி வந்த மனிதர். தள்ளிவிடுவார் என்று நான் கயிற்றை இழுத்தேன்.

"விடுங்கோ," என்றார். "போய் இன்னொருக்கால் முழுகலாம்." நாயின் நீளமான காதுகளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "மரத்துக்கு மேலாலை நடந்தன், வந்த வழியே திரும்பினன், தண்ணிக்கை போனன். ஒண்டும் பலிக்கேல்லை. உங்களையும் இப்பிடித்தான் ஒவ்வொரு முறையும் தேடி வாறவனோ?"

இத்தனை வருடமும் நான் பற்றைக்குள் இருந்தவள். அவன் வந்து சேர்ந்த முகம் மட்டுந்தான் எனக்குத் தெரியும்.

"நானும் இண்டைக்குத்தான் அண்ணை பாக்கிறன்," என்றேன்.